கள் காடியாகும் கதை

இந்துக் கல்லூரி மலரில் கள்ளைப் பற்றி எழுதுவதா என முகஞ்சுளிக்கும் அன்பர் பொறுத்தருள்க. யாம் எடுத்துக்கொண்டது குடிக்கும் கள்ளன்று. அது புளித்துக் காடியாகும் வகையே. வினாகிரி என்று கடையில் வாங்கி அச்சாறு போடுகின்றோமே, அதுதான் காடி.

தென்னம்பாளையினின்று வடியும் சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து பங்கு வெல்லமுண்டு. முட்டியின் உட்புறத்தே சுண்ணாம்பு பூசியிருப்பின் சாறு இனிப்புக் குன்றாது நிற்கும். பூசாவிடின் மதுவம் அதனைப் பற்றிக்கொண்டு, வெல்லத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கும். கள் நுரைப்பது இவ்வாயுவினாலேயே.

காடியின் புளிப்பையும் மதுவமே தருகின்றதென மாணவர் சிலர் எண்ணுவர். அது பிழை. மதுவம் விட்டுச்சென்ற மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்குவன வேறு பற்றீரியாக்கள். மதுவத்தின் தொழிலுக்குக் காற்று வேண்டுவதில்லை. இப்பற்றீரியாக்களுக்கோ ஒட்சிசன் இன்றியமையாதது. கள்ளைப் போத்தலில் இறுக அடைத்துவிட்டுக் காடி வரவில்லையே என வருந்துவோர் இதனை நினைவிற் கொள்க. வாயகன்ற கலத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, நிழலிற் சில கிழமை வைத்தல் வேண்டும். கணக்கின்படி 180 கிராம் குளுக்கோசு 92 கிராம் மதுசாரத்தையும், அது 120 கிராம் அசற்றிக்கமிலத்தையும் தரும். நடைமுறையில் இவ்வளவும் கிட்டுவதில்லை.

மதுவம் தானாக அமிலம் ஆக்குவதேயில்லை என்பதுமன்று. நொதித்த திரவத்திற் சிறிதளவு சக்சினிக்கமிலமும் உண்டாவதை லூயி பாஸ்ரர் 1860ஆம் ஆண்டளவிலேயே எடுத்துக்காட்டினார். அச்சிறு அளவைப் பேரளவாக்க மதுவத்தின் பரம்பரையலகுகளை மாற்றியமைத்தனர் பிற்காலத்தார். அவ்வகை மதுவத்தைக் கொண்டு சக்சினிக்கமிலம் செய்யும் ஆலையொன்று 2012ஆம் ஆண்டில் இத்தாலியிற் கசானோ ஸ்பினோலா என்னுமிடத்தில் திறக்கப்பட்டது. பற்றீரியா இருக்க மதுவத்தை நாடியதேன்? பற்றீரியாக்கள் பல தாம் ஆக்கிய அமிலத்திலேயே தளர்ந்துவிடும். அவற்றை வாழ்விக்கச் சுண்ணாம்பு போன்ற காரத்தை இடல் வேண்டும். பின் அமிலத்தை மீட்கச் சல்பூரிக்கமிலம் வேண்டும். எஞ்சுவது ஜிப்சக் குவியல். மதுவமோ புளிப்பைப் பெரிதும் தாங்கவல்லது. நம்மூரிற் சீவல் தொழிலாளர் நொதிப்பைத் தடுக்கப் பூசும் சுண்ணாம்பே அவ்வாலைகளில் நொதிப்பைத் தொடரச் செய்கின்றதென்பது வேடிக்கைதான்!

இனி நம் கடைப் போத்தலுக்கு வருவோம். பாளைச்சாற்றுக் காடியோடு, மெதனோலினின்று ஆலையிற் செய்த அசற்றிக்கமிலத்தை நீரிற் கரைத்ததும் விற்பனைக்கு வருகின்றது. பின்னதற்குப் பாளை சீவவும் வேண்டா, கிழமைக்கணக்கிற் காத்திருக்கவும் வேண்டா. ஆகவே விலை மலிவு. மரமேறிப் பிழைப்பவர் அம்மலிவோடு எங்ஙனம் போட்டியிடுவார்? கல்லூரி ஆய்வுகூடத்திற் சோடியமைதரொட்சைட்டுக் கரைசல்கொண்டு நியமித்தால் அமிலத்தின் அளவு தெரியும். அதன் பிறப்புத் தெரியாது. நிலவாயு, நிலக்கரி வழிவந்த அமிலத்திற் காபன்-14 இராது. அண்மையில் மரத்தினின்று வடிந்ததில் இருக்கும். அதனை அளக்கும் கருவி நம் சமையலறையில் இல்லையாதலின், போத்தலின் சிட்டையை வாசித்தே வாங்குதல் வேண்டும்.