மணிமேகலை: துணைமாந்தர் தலைவியான திறம்

ஒரு நூலில் ஒதுங்கி நின்ற பெண்ணைப் பிறிதொரு நூலின் தலைவியாக்குவது இக்காலப் புதின ஆசிரியர் போற்றும் முறையாகும். 1847-இல் வெளிவந்த 'ஜேன் அயர்' புதினத்தில் மேல்மாடியில் அடைபட்டுக் கிடந்த மனைவியை, 1966-இல் ஜீன் ரைஸ் என்பார் தம் புதினத்தின் தலைவியாக்கினார். இம்முறையின் முழு வளர்ச்சியைத் தமிழில் மணிமேகலைக் காப்பியத்திலேயே காண்கின்றோம். சாத்தனார் இதனை எவ்வாறு நிறைவேற்றினார் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்தில் மணிமேகலை பெரிதும் பிறர் வாய்மொழியாகவே அறியப்படுகின்றாள். அவளுக்குப் பெயரிட்ட செய்தியை அடைக்கலக் காதையில் மாடலன் கூறுகின்றான். அவளைக் கணிகையர் வாழ்வில் புகுத்தலாகாதென மாதவி உரைத்ததை நீர்ப்படைக் காதையில் அவனே செங்குட்டுவனுக்கு அறிவிக்கின்றான். வரந்தரு காதையிலோ, மணிமேகலை யார், அவள் துறந்த காரணம் யாது என அம்மன்னன் வினவத் தேவந்தி விடையிறுக்கின்றாள். இவ்வினாவிற்கு ஒரு முழுக் காப்பியத்தால் விடை தருவதே சாத்தனார் பணி எனலாம்.

தொல்காப்பியர் வழிநூலின் வகைகளுள் விரித்தலையும் ஒன்றாக எண்ணினார். ஆயின் மணிமேகலையை விரிநூல் என்ற அளவில் நிறுத்துதல் பொருந்தாது. பழங்கதையை வேறொரு பார்வையில் மீண்டும் சொல்லாமல், தலைவிக்குரிய செயலைப் புதிதாகப் படைக்கின்றார் சாத்தனார். கோவலனும் கண்ணகியும் உற்ற துயரைக் கேட்டு அவள் சிந்திய கண்ணீர், தொடுத்துக்கொண்டிருந்த மாலையை நனைக்கின்றது. புதுமலர் கொய்ய உவவனம் செல்ல நேர்வதும் அதனாலேயே. முதல்நூலின் துன்பமே வழிநூலின் கதையைத் தொடங்கி வைத்தலைக் காண்க.

அவள் உணர்வற்ற துறவியும் அல்லள். தன்னை இகழ்ந்துரைத்த உதயகுமரன் பின்னேயே தன் நெஞ்சம் சென்றதெனச் சுதமதியிடம் ஒளியாது உரைக்கின்றாள். அவன் முற்பிறப்பில் தன் கணவனாகிய இராகுலன் என்பதை மணிபல்லவத்தில் அறிகின்றாள். ஈர்ப்பு இன்மையால் அன்று, ஈர்ப்பை அறிந்தே அவள் விலகுகின்றாள். அமுதசுரபி பெற்றபின் ஆதிரையிடம் முதற்பிச்சை ஏற்று, காயசண்டிகையின் யானைத்தீ நோயைத் தீர்க்கின்றாள். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகின்றது. கண்ணகி அரசனிடம் நீதி கேட்டாள். மணிமேகலை அரசனின் சிறையையே மாற்றினாள்.

துணைமாந்தர் தலைமை பெறும்போது முதல்நூலின் தலைவி என்னாவாள் என்பதும் எண்ணத்தக்கது. மணிமேகலையை மாபெரும் பத்தினியின் மகள் என்றே மாதவி வயந்தமாலையிடம் கூறுகின்றாள். பெற்றவளே தன் உரிமையைக் கண்ணகிக்கு வழங்குகின்றாள். ஆயினும் வஞ்சி மாநகர் புக்க காதையில், மதுரையை எரித்த வினையின் பயன் தன்னைத் தொடரும் எனக் கண்ணகியே தன் மகளுக்கு உணர்த்துகின்றாள். முதல்நூலில் கற்பின் வெற்றியாகப் போற்றப்பட்ட செயல் இங்கு வினையாக எடையிடப்படுகின்றது. சாத்தனார் கண்ணகியை இகழ்ந்திலர். ஆயின் அவளை வேறொரு நீதியின்கீழ் நிறுத்திவிட்டார்.

இறுதிக் காதைகளில் தலைவி வெறும் கேட்போளாகக் குறுகினாள் என்பர் சிலர். அளவை நெறியும் தருமமும் விரியுமிடத்துக் கதையோட்டம் தளர்வது உண்மையே. ஆயினும் ஒன்று கருதுக. வஞ்சியில் மாதவ வடிவம் பூண்டு சமயவாதிகள் பலரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். பின்னரே காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டு நோன்பு மேற்கொள்கின்றாள். பிறப்பால் தன்மேல் சுமத்தப்பட்ட தொழிலை மறுத்தவள், தன் நெறியையும் ஆராய்ந்தே ஏற்கின்றாள். ஆதலின் அக்கேள்வியும் தலைமைக்குரிய செயலே என்பது எம் கருத்து.

இவ்வினா பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' என்னும் புதினத்தை 1936-இல் வெளியிட்டார். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல் நிறைவேறியது. சித்திராபதியின் இல்லத்தினின்று தொடங்கிய மறுப்பு சட்டமாவதற்கு எத்துணை நூற்றாண்டுகள் சென்றன என்பதை எண்ணுமிடத்து, சாத்தனார் அப்பெண்ணைத் தலைவியாகத் தேர்ந்ததன் அருமை புலனாகும்.