இலவசமாக இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை

தேக்காவில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். மல்லிகைச் சரம், வாழையிலை, பொங்கல் பானை, தாலிக்கொடி, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை என எல்லாம் அரை மணி நேர நடைக்குள் அடங்கிவிடும். பொது நூலகம் மட்டும் அங்கே கிடையாது. அதற்காக வெகுதூரம் போகவும் வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம் பூகிஸ். அங்கிருந்து சில நிமிட நடையில், விக்டோரியா ஸ்திரீட்டில் 16 மாடி தேசிய நூலகம் நிற்கிறது. நான் பெரும்பாலும் தேக்காவிலிருந்து நடந்தே போவேன். ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, வாட்டர்லூ ஸ்திரீட் கிருஷ்ணன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனால் இருபது நிமிடம். வெயில் கடுமையாக இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் கூடும்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அக்கா, எல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. நூலகத்தில் என்னதான் இருக்கிறது?” அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ‘இலவசம்’ என்ற சொல். நமக்கு அது பழகிப்போய்விட்டது. சிங்கப்பூரில் அது தானாக வந்துவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் இங்கிருந்தது ராஃபிள்ஸ் நூலகம். சந்தா கட்டியவர்களுக்குத்தான் அங்கே நூல் இரவல் கிடைக்கும். நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலம். 1953ல் ரப்பர் தொழிலதிபர் லீ கோங் சியான் புதிய நூலகத்துக்காக 375,000 வெள்ளி தர முன்வந்தார். கூடவே நிபந்தனை வைத்தார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், இங்குள்ள மக்களின் மொழிகளிலும் நூல்கள் இருக்க வேண்டும் என்றார். 1957ல் அடிக்கல் நாட்டியவரும் அவரே. 1960 நவம்பரில் ஸ்டாம்ஃபர்ட் சாலையில் அந்தச் செங்கல் கட்டடம் திறக்கப்பட்டது. மூத்தவர்கள் பலருக்கு அதன் படிக்கட்டு இன்னும் நினைவிருக்கும். 2004ல் அது மூடப்பட்டு, ஃபோர்ட் கேனிங் சுரங்கப் பாதைக்காக இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இப்போதைய கட்டடம் வந்தது. மேல் தளங்களில் உள்ள ஆய்வு நூலகத்துக்கு லீ கோங் சியானின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இன்று குடிமக்களுக்கு உறுப்பினர் பதிவு இலவசம். எடுத்த நூலை மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம். தெம்பனிஸில் எடுத்ததை ஜூரோங்கில் திருப்பித் தரலாம். நள்ளிரவில் நினைவு வந்தாலும் வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு வரலாம். வரிசையில் நிற்கவும் தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் செயலியில் நூலின் பட்டைக்குறியை ஸ்கேன் செய்தால் போதும்.

இரவல் எடுக்கத்தான் உறுப்பினர் பதிவு. உள்ளே நுழைவதற்கும் உட்கார்ந்து படிப்பதற்கும் யாரும் எதையும் கேட்பதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் வெளிநாட்டு ஊழியர்களில் பலருக்கு இது தெரியாது. ரேஸ் கோர்ஸ் சாலை அருகே புல்தரையில் உட்கார்ந்திருந்த புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், “உள்ள விடுவாங்களாக்கா?” என்று என்னிடம் கேட்டார். விடுவார்கள். ஞாயிறும் திறந்திருக்கும், குளிரூட்டி உண்டு, தமிழ் நூல்கள் உண்டு, கழிவறை சுத்தமாக இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஊழியர் யாராவது இருந்தால், அடுத்த முறை அவரை ஒருதடவை கூட்டிக்கொண்டு போய் வாசலைக் காட்டிவிடுங்கள். அந்தக் கண்ணாடிக் கதவும் உயரமும்தான் பலரைத் தயங்க வைக்கின்றன.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010ல் அது 3.3 விழுக்காடாக இருந்தது. கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மகள் பொம்மைகளிடம் எந்த மொழியில் பேசுகிறாள் என்று பார்த்தாலே போதும்.

அதனால்தான் பொது நூலகங்களில் நடக்கும் தமிழ்க் கதைநேரம் எனக்கு முக்கியம். அரங்கம், மேடை, வரவேற்புரை எதுவும் கிடையாது. விரிப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், கையில் படக்கதையோடு ஓர் ஆண்ட்டி, பின்னால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்கள். நாங்கள் போன ஒரு நாள், கூட்டத்தைத் தொலைத்த யானைக் குட்டியின் கதை. “ஆண்ட்டி, யானை ஏன் கிரை பண்ணுது?” என்று ஒரு பையன் கேட்டான். அவர் திருத்தவில்லை. “ஏன் அழுகுது? அம்மாவைக் காணோமே, அதான் அழுகுது. நீ அழுவியா?” என்றார். “நான் அழமாட்டேன்” என்றான் பையன். அவ்வளவுதான். மதிப்பெண் இல்லை, பயிற்சித்தாள் இல்லை. துணைப்பாட வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டும் பெற்றோரில் நானும் ஒருத்தி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் சிரிப்பதற்கும் அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும் என்றால் அது இந்த விரிப்புதான்.

வருத்தமும் ஒன்று உண்டு. மழை பெய்யும் சனிக்கிழமையில் மூன்று பிள்ளைகளுக்காகக் கதை நடந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக் கதைநேரத்துக்கு மழை ஒரு தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

நூலகத்துக்கு வர வசதிப்படாத பிள்ளைகளைத் தேடி நூலகமே போவதும் உண்டு. ‘மோலி’ என்ற பெயரில் நூலகப் பேருந்து 2008லிருந்து சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் போய் வருகிறது. 2004ல் தொடங்கிய ‘கிட்ஸ்ரீட்’ திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களின் சிறுவர்களுக்குத் தொண்டூழியர்கள் வாசித்துக் காட்டுகிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்த இளையர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வேலை இது.

பெரியவர்களுக்கு என்ன என்று கேட்டால், அங் மோ கியோ நூலகத்தில் வாசகர் வட்டம் பல ஆண்டுகளாகக் கூடிவருகிறது. தமிழ் நூல்களை வாசித்துவிட்டு வந்து மனம்விட்டுப் பேசுவார்கள். உள்ளூர் எழுத்தாளரின் நூலை அவர் முன்னிலையிலேயே விமர்சிப்பதும் உண்டு. தேநீர் வேளையில் சமாதானமாகிவிடுவார்கள். ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் நூலகங்களில் உரைகளும் கலந்துரையாடல்களும் நடக்கும்.

எனக்கு அதிகம் பிடித்த இடம், விக்டோரியா ஸ்திரீட்டில் ஏழாம் தளத்தில் தொடங்கும் ஆய்வு நூலகம். இங்குள்ள நூல்களை வெளியே எடுத்துப் போக முடியாது, அங்கேயே படிக்கலாம். சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் இரண்டு பிரதிகளையும் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். நூறு பிரதி அச்சிட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்து முடித்த கவிதைத் தொகுப்புக்கும் இது பொருந்தும். எழுதியவரின் வீட்டில்கூட மிஞ்சாத நூல் இங்கே இருக்கும் என்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவையும் ஏராளம். ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழ் 1887 ஜூன் 27ல் மகுதூம் சாயபுவை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கியது. 1890 வரை வந்த அந்த இதழ்கள் வாரியத்தின் மின்னிலக்கச் செய்தித்தாள் தொகுப்பில் உள்ளன. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்களும் அதில் உண்டு. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும். சொல்லை வைத்துத் தேடுவதைவிடத் தேதியை வைத்துத் தேடினால் எளிது. உங்கள் தாத்தா கப்பலில் வந்து இறங்கிய மாதம் தெரிந்தால், அந்த வாரச் செய்திகளை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதேபோல, சுதந்திரத்துக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டம் ஒன்று, அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்களின் உழைப்பால் நடந்தது. சுமார் 350 நூல்கள் 2015ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் எல்லாம் உண்டு. செலவு எதுவும் இல்லை.

என் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. முழங்கால் வலியால் அதிகம் வெளியே போவதில்லை. நூலகச் செயலியில் தமிழ் மின்னூல்கள் இருப்பதைக் காட்டி, எழுத்தைப் பெரிதாக்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் படித்தார். பிறகு, “கண்ணு கூசுதும்மா, புத்தகமாவே கொண்டு வா” என்றுவிட்டார். இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் தருகிறார். பேத்திக்கும் சேர்த்து எடுத்துவரச் சொல்கிறார். மகளின் படக்கதைகளைப் பாட்டிதான் முதலில் படித்து முடிக்கிறார்.