ஒரு கொம்பிலிருந்து ஒரு செடி

விலை கொடுத்து வாங்கிய செடியைவிட, வேண்டியவர் வீட்டிலிருந்து கொம்பு கொணர்ந்து வளர்த்த செடியின்மீது நமக்குப் பற்று மிகுதி. ஆயினும் ஊன்றிய குச்சிகளுள் பெரும்பாலானவை பட்டுப்போகின்றன. காரணம் கைராசியன்று, முறை அறியாமையே.

என் அனுபவத்தையே கூறுகிறேன். பாகப்பிரிவினையில் எங்கள் ஊர் வீட்டை விற்க நேர்ந்தது. கொல்லையிலிருந்த செம்பருத்தி என் பாட்டியார் வைத்தது. “வீடு போனால் போகட்டும், அதில் ஒரு கொம்பாவது கொண்டு வா” என்றார் தாயார். பத்துக் குச்சிகளை ஒடித்து வந்து, களிமண் தொட்டியில் ஊன்றி, நாள்தோறும் மும்முறை நீர் வார்த்தேன். பதினைந்தே நாளில் பத்தும் கறுத்து அழுகின. கிரயப் பத்திரம் பதிவாக ஒரு மாதமே எஞ்சியிருந்தது.

அவ்வாரம் தணிக்கைக்குச் சென்ற நெசவாளர் சங்கமொன்றில், மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவரின் திண்ணையோரம் குரோட்டன் செடிகள் வரிசையாகத் தழைத்திருக்கக் கண்டு, என் குறையைச் சொன்னேன். “தண்ணியைக் குறைங்க ஐயா, குச்சிக்கும் மூச்சு வேணுமில்லே?” என்றார் அவர்.

அது விஞ்ஞானத்திற்கு முற்றும் ஒத்த உரை. மண்ணில் நீர் தேங்கினால் காற்று புகாது, வெட்டுவாய் அழுகும். மேலும், தளிரிலும் இளம் இலையிலும் உண்டாகும் ‘ஆக்சின்’ என்னும் வளர்ச்சிப் பொருள் தண்டின் வழியே கீழிறங்கி, அடிமுனையில் வேரைத் தூண்டுகிறது. ஆதலின் தலைகீழாக நட்ட குச்சி செவ்வனே வேர்விடாது. அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் மாறிப்போக வழியில்லை.

பென்சில் பருமனுள்ள, நோயற்ற குச்சியை, மூன்று நான்கு கணுக்கள் அமைய, 15 முதல் 20 செ.மீ. நீளத்திற்குக் கூரிய கத்தியால் வெட்டுக. அடிக்கணுவிற்குச் சற்றுக் கீழே வெட்டுவது நன்று. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குக. வேரில்லாத குச்சி பல இலைகளுக்கு நீர் வழங்க இயலாது. மணலும் மட்கிய எருவும் கலந்த, அடியில் துளையுள்ள தொட்டியில் இரு கணுக்கள் புதையுமாறு நட்டு, நிழலில் வைக்க. மண் ஈரமாக இருந்தால் போதும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்ப்பது பெரும் பிழை.

எல்லாச் செடிக்கும் ஒரே விதி பொருந்தாது. மணி பிளான்ட் கொடியை நீரில் இட்டாலே வேர்விடும். ஆனால் கணு இருத்தல் அவசியம். கணுவற்ற தனி இலை வேர்விட்டாலும் கொடியாகாது. கற்பூரவல்லி எளிதில் பிடிக்கும். மஞ்சள் விளிம்புள்ள பாம்புக் கற்றாழையை இலைத்துண்டால் பெருக்கினால் பச்சை நிறமே மிஞ்சும். விளிம்பு வேண்டுமாயின் கிழங்கோடு பிரித்தே நட வேண்டும். தாய்ச்செடியில் மாவுப்பூச்சி இருப்பின் சேய்க்கும் தொடரும். குரோட்டன், மணி பிளான்ட் ஆகியவற்றின் சாறு தீங்கு செய்யுமாதலால் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க.

வீடு கைமாறுமுன் மீண்டும் பத்துக் குச்சிகள் கொணர்ந்தேன். நான்கு பிழைத்தன. ஒன்று தாயாரின் சன்னலோரம் பூத்திருக்கிறது. மற்றொன்றை அந்த அம்மையாரிடம் சேர்ப்பித்தேன். பரிசோதகர் உறுப்பினரிடம் எதையும் பெறலாகாது என்பது விதி; கொடுக்கலாகாது என்று எங்கும் இல்லையே!