உறக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்

மயிலாப்பூரில் வாழும் முதிய தாய் ஒருவரை மனக்கண்முன் நிறுத்துவோம். நீரிழிவினால் அவருக்குப் பாதங்கள் எரிகின்றன. மருத்துவர் ஒருவர் பிரிகாபலின் எழுதித் தருகிறார். முழங்கால் வலிக்காகத் தியாகராய நகரில் வேறொரு மருத்துவரிடம் செல்கிறார். அவர் டிரமடால் தருகிறார். தனித்தனியே நோக்கின் இரண்டு சீட்டுகளும் முறையானவையே. ஆனால், ஒருவர் எழுதியதை மற்றவர் அறியார். இடர் பிறப்பது இங்கேதான்.

டிரமடால், டேப்பென்டடால், மார்ஃபீன் ஆகியவை அபின் வகை வலி நீக்கிகள். நாம் உறங்கும்போதும் மூச்சை இயக்கும் மையம் மூளைத்தண்டில் உள்ளது. அளவு மீறினால் இம்மருந்துகள் அம்மையத்தைத் தளர்த்திவிடும். நரம்பு வலிக்கான பிரிகாபலினும் காபாபென்டினும் அத்தளர்ச்சியை மிகுவிக்கின்றன. இவை சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. ஆதலால் சிறுநீரகம் நலிந்தோர் உடலில் தேங்கிவிடுகின்றன. முதியோருக்கும் நுரையீரல் நோயாளருக்கும் ஆபத்து அதிகம்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடைபெற்று 2017-இல் வெளியான ஆய்வொன்றில், அபின் வகை மருந்துடன் காபாபென்டினும் உட்கொண்டோரிடையே அபின் வகை மருந்தால் நேரும் மரணத்தின் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகக் காணப்பட்டது. 2019 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் இதுபற்றி எச்சரித்தது.

அவ்வாறாயின் வலி மருந்தே வேண்டாம் என்கிறோமா? இல்லை. 1954 முதல் தொண்டாற்றிவரும் அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில், கொடிய வலியால் துடிப்போருக்கு மார்ஃபீன் அருமருந்தாகும். தேவை கருதி மருத்துவர் இவ்விருவகை மருந்துகளையும் சேர்த்தே தருவதும் உண்டு. அப்போது சிற்றளவில் தொடங்கி, கண்காணித்து, சிறிது சிறிதாக உயர்த்துவார். அறிந்து சேர்ப்பது வேறு. அறியாமல் சேர்வது வேறு.

ஆகவே குடும்பத்தாருக்கு நாம் கூறுவது இதுவே: எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய சீட்டுகள் அனைத்தையும் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கித் தராதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் இவற்றோடு சேரவே கூடாது. அஞ்சி, மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தவறு. மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மருந்துண்ட முதியவர் வழக்கத்திற்கு மாறாக அயர்ந்து உறங்கினால், "பாவம், இன்றாவது தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். தட்டி எழுப்புங்கள். எழாவிட்டாலோ, மூச்சு மெதுவாகி இதழ்கள் நீலம் பாய்ந்தாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். அச்சில நிமிடங்களில் ஓர் உயிரே அடங்கியிருக்கிறது.