வெள்ளை டிரிப்... அது பால் இல்லை!

மாமல்லபுரத்தை ஒட்டிய தேவனேரி, கொக்கிலமேடு போன்ற மீனவக் குப்பங்களிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். பிரசவம் சிக்கலானால் பல குடும்பங்கள் ஓடுவது அங்கேதான். மாதம் நிறையாமல், ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையை எந்த ஊர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தாலும், பாட்டிமார்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: "என்னம்மா இது, பாலையா நரம்புல ஏத்துறீங்க?"

பால் இல்லை; கொழுப்பு. எண்ணெயை முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிட் சேர்த்து, ஒரு மைக்ரானுக்கும் குறைவான துளிகளாக உடைத்துக் கலக்கிய திரவம். அதனால்தான் அந்த வெள்ளை நிறம். முட்டை அலர்ஜி குடும்பத்தில் இருந்தால், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

குடல் இன்னும் தயாராகாத குழந்தைக்கு குளுக்கோஸ் மட்டும் போதாதா? போதாது. குளுக்கோஸின் அடர்த்தியைக் கூட்டினால் கை, கால்களில் உள்ள மெல்லிய ரத்தக்குழாய் புண்ணாகும். மூளை வளர்ச்சிக்குத் தேவையான கொழுப்பு அமிலங்களும் அதில் கிடையாது. குறைமாதக் குழந்தையின் உடலில் இருக்கும் சேமிப்பு சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். ஒரு கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 3 கிராம் கொழுப்பு. 20 சதவீதக் கலவையில் அது வெறும் 15 மில்லி. அதற்குள் 30 கலோரி! அதையும் 24 மணி நேரத்துக்குப் பரப்பி, சிரிஞ்ச் பம்ப் வழியாக மணிக்கு அரை மில்லிக்குச் சற்று அதிகமாக ஏற்றுவார்கள். வேகம் கூடினால் ரத்தத்தில் கொழுப்பு தேங்கிவிடும். அதனால்தான் டிரைகிளிசரைடு பரிசோதனைக்காக ரத்தம் எடுப்பது. 'இத்தனூண்டு குழந்தைகிட்ட இன்னும் எவ்வளவுதான் எடுப்பாங்க' என்று தாய் கலங்குவது நியாயம்தான். ஆனாலும் அது தேவை.

1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லின்ட் சோயா எண்ணெயில் 'இன்ட்ராலிப்பிட்' கொண்டுவந்தார். பலரைக் காப்பாற்றியது. ஆனால் வாரக்கணக்கில் ஏற்றிய சில குழந்தைகளுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தது. சோயாவில் உள்ள தாவர ஸ்டெரால்கள் மீது சந்தேகம் விழுந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் கேத்லீன் குராவும் மார்க் பூடரும் மீன் எண்ணெய்க் கலவைக்கு மாறிப் பார்த்தார்கள். இரண்டு குழந்தைகளின் கல்லீரல் பாதிப்பு சரியானதை 2006ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2018ல்தான். இப்போது சோயா, தேங்காய் எண்ணெய் வகைக் கொழுப்பு, ஆலிவ், மீன் எண்ணெய் நான்கும் கலந்ததும் உண்டு.

நம் கடற்கரையில் கூடையில் வந்து இறங்கும் மத்தியிலும் கானாங்கத்தையிலும் இருக்கிற அதே ஒமேகா 3 தான். அதற்காக வீட்டு மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

இதற்கிடையே தாய்ப்பாலை அரை மில்லி, ஒரு மில்லி என்று டியூபில் விட ஆரம்பிப்பார்கள். பால் கூடக் கூட, பம்பின் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.