கழற்றிய பம்பைக் கையில் வாங்குங்கள்

ராத்திரி வண்டியை நிறுத்தும்போது எஞ்சினுக்குக் கீழே ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் சொட்டு விழுந்தால் விழுந்த தடமே தெரியாது, மண் குடித்துவிடும். அட்டை காட்டிக்கொடுக்கும். கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் ஆயில். நிறமே இல்லாமல் நனைந்திருந்தால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர். பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று ஏதாவது ஒரு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் கூலண்ட். அது பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து விழுந்திருந்தால், முதல் சந்தேகம் வாட்டர் பம்ப் மேல்தான்.

மிளகாய் மூட்டையும் கரி மூட்டையும் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போகும் குட்டியானை லோடு வண்டி, அடுப்பும் பாத்திரமும் படுக்கையும் ஏற்றிக்கொண்டு சபரிமலைக்குப் போகும் வேன், வெளிநாட்டுக்காரர்கள் வீடு மாதிரி அமைத்து ஓட்டும் மோட்டார் ஹோம் எல்லாவற்றிலும் இந்தப் பம்ப் உண்டு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே கூலண்டைச் சுற்றவிடுவது அதன் வேலை. அது ஒழுகினால் என்ன செய்வது, பட்டறையில் என்ன கேட்பது, ஏமாந்தால் யாரிடம் போவது என்பதை ஒரு டிரைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஓட்டை அடைப்பதற்கல்ல

பம்புக்குள் ஒரு தண்டு, அதைத் தாங்கும் பேரிங், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், தண்ணீர் பேரிங் பக்கம் வராமல் தடுக்கும் சீல் இருக்கும். சீல் தேய்ந்தால் கசியும் கூலண்ட் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறட்டும் என்றே பம்பின் அடியில் சின்ன ஓட்டை ஒன்றை வைத்திருக்கிறார்கள். அங்கே கூலண்ட் சொட்டினாலோ, காய்ந்த கறை வழிந்த தடம் இருந்தாலோ சீல் போகிறது என்று பொருள். அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்த பிறகு தண்ணீர் பேரிங்குக்குப் போகும். பேரிங் இறுகினால் பெல்ட் அறும். வண்டி நடுவழியில் நிற்கும்.

சீல் சீக்கிரம் போவதற்கு நம் பக்கத்தில் ஒரு முக்கியக் காரணம் போர்வெல் தண்ணீர். உவர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சூட்டில் உப்பு படியும், இரும்பும் அலுமினியமும் அரிக்கும், படிந்த துகள் சீலைத் தேய்க்கும். குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் ஊரில் கூலண்ட் வாங்குவது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்டுக்கு ஆகும் காசு ஒரு பம்ப் மாற்றும் செலவைவிடக் குறைவு.

"தண்ணி ஊத்தி ஓட்டிக்கலாம்ணே"

பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சீசன் முடியட்டும், லோடு இறக்கிவிட்டு வரலாம் என்று நாமும் தலையாட்டுகிறோம். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் அதற்கும் மேல் சூடானாலும் கொதிக்காமல் ஓடுகிறது. ஒழுகும் பம்ப் அந்த அழுத்தத்தையும் விட்டுவிடும். சித்திரை வெயிலில் லோடுடன் போகும்போது எஞ்சின் ஹீட்டானால் ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும், கடைசியில் எஞ்சினே சீஸ் ஆகலாம். பம்பின் விலையைப் போல் பல மடங்கு செலவு அங்கே காத்திருக்கிறது.

சூட்டைக் காட்டும் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும்; எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கிப் போய் நிம்மதி காட்டக்கூடும்.

வழியில் ஆவி கிளம்பினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திருகாதீர்கள்; அழுத்தம் விட்டதும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடும். யாராவது சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பேஸ்ட், மாவு, இங்க் எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதென்றால் 108.

இன்னொன்று. பெரும்பாலான கூலண்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். ஆடோ நாயோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும். குழந்தைக்கும் அதே கதி. வடித்த கூலண்டை ஊருணிப் பக்கமோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் பிடித்துப் பட்டறையிலேயே ஒப்படையுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேலை தொடங்குமுன் செலவு எவ்வளவு என்று துண்டுச்சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். வேலை செய்யும்போது வேறு கோளாறு தெரிந்தால் போனில் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். கேட்பதைவிட உறையைப் பாருங்கள். தயாரித்தவர் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் இவை உறையில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதி. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம்.

பம்போடு கேஸ்கெட் புதிது போட்டார்களா, பெல்ட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சில எஞ்சின்களில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுற்றுகிறது; அவற்றில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒரு தடவையோடு போகும். கூலண்ட் ஊற்றிய பின் ஏர் லாக் எடுக்காவிட்டால் புதுப் பம்ப் போட்டும் எஞ்சின் ஹீட்டாகும்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு வார்த்தை: "தம்பி, கழட்டுன பம்ப கையில குடு." அதை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பில், புதுப் பம்பின் உறை, கழற்றிய பம்ப் மூன்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வையுங்கள். இரண்டு மாதத்தில் அதே இடம் ஒழுகினால் உண்மையிலேயே பம்ப் மாறியதா, பெயிண்ட் அடித்த பழசா, வேறு கோளாறா என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தச் சாக்கு மட்டும்தான்.

சட்டம் யார் பக்கம்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் கொடுக்காதது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கடைக்காரர் நினைக்கக்கூடாது. செய்த வேலையில் குறை இருந்தாலும் பட்டறை பொறுப்பு.

"லோடு வண்டி வணிகத்துக்கு ஓடுகிறது, நீ நுகர்வோரே இல்லை" என்று மடக்குவார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் சொல்கிறது. லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் எதிர் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது: பிழைப்புக்காக வண்டி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது, முழுக்க வேறொருவரை வைத்தே ஓட்டினால் போய்விடும். அந்த வழக்கில் மனுதாரர் தோற்றார். ஆனால் ஸ்டியரிங் பிடிக்கும் டிரைவருக்கு உள்ள வழி அங்கே தெளிவானது.

பட்டறைக்காரருக்கும் உரிமை உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவுப்படி, செய்த வேலைக்குக் கூலி தரும்வரை அந்த வண்டியை அவர் நிறுத்தி வைக்கலாம். ஆனால் போன வருஷம் வேறு வண்டிக்கு வைத்த பாக்கிக்காக இந்த வண்டியைப் பிடித்து வைக்க, தனி ஒப்பந்தம் இல்லாமல் முடியாது. அவர் பொறுப்பில் நிற்கும் வண்டியைத் தன் வண்டிபோல் கவனிக்க வேண்டியதும் அவர் கடமை.

காப்பீட்டை நம்பி ஓட்டாதீர்கள். சாதாரண வாகனக் காப்பீடு தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் பணம் தராது. ஒழுகுவது தெரிந்தும் ஓட்டி எஞ்சின் போனால் செலவு உங்கள் தலையில்தான்.

எங்கே போவது?

முதலில் கடைக்கும் பட்டறைக்கும் நடந்ததைத் தேதியோடு எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பல தகராறுகள் அந்தத் தபாலோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

அதற்கும் வழிக்கு வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. பரளச்சியிலிருந்து மாவட்டத்தின் மறுகோடிக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனு போடலாம், காணொளி விசாரணைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. பம்ப் வாங்கியது மதுரையில் என்றாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எழுதத் தெரியவில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணைக் கூப்பிடுங்கள்.

மனுவோடு இன்னொரு மெக்கானிக்கிடம் "இந்தக் காரணத்தால் ஒழுகுகிறது" என்று எழுதி வாங்கிய கடிதத்தையும் சேருங்கள். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். அனுப்ப ஒரு பொருள் வேண்டுமே! அப்போதுதான் வீட்டுப் பரணிலிருந்து சாக்கை இறக்க வேண்டும். பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்த பம்ப் இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போய் உருகியிருக்கும்.