பழைய டயர் வாங்கலாமா? டிராக்டர், டிரெய்லர், சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

வேலை நெருக்கும் நேரத்தில்தான் டயர் காலை வாரும். ஆடிப்பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். டிராக்டரின் பின்சக்கரமோ மொட்டையாகி ஒரே இடத்தில் சுற்றுகிறது. புது டயர் ஜோடி என்ன விலை என்று கேட்டால், அந்தப் பட்டத்தின் விதைச் செலவையும் உரச் செலவையும் அது விழுங்கிவிடும் போலிருக்கிறது. அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "பழசு ஒரு ஜோடி நிக்குது. பாதி பட்டன் அப்படியே இருக்கு. பாதி விலைக்கு எடுத்துக்கங்க."

வாங்கலாமா என்றால், அந்த டயரை எந்த வண்டியில், எந்தச் சக்கரத்தில் மாட்டப் போகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். வயலுக்கும் களத்துக்கும் நடுவே ஊர்ந்து போகும் டிரெய்லருக்குப் போதுமான டயர், விடியற்காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு எமனாகிவிடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

டிராக்டருக்கு டயர் மாற்றியே ஆக வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்துக்கொண்டு, உழ வேண்டிய அதே நிலத்தில், சக்கரம் 10 சுற்று சுற்றும்வரை ஓட்டி, வண்டி கடந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 13.6-28 அளவு டயர் என்றால் ஏறக்குறைய 39 மீட்டர் வரும். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடியே 10 சுற்று ஓட்டி அளங்கள். இப்போது 33 மீட்டர் வந்தால், சக்கரம் 15 சதவீதம் சறுக்குகிறது. அது பரவாயில்லை. கலப்பை இழுக்கும் எந்த டிராக்டரிலும் 10 முதல் 15 சதவீதம் சறுக்கல் இருக்கத்தான் செய்யும். 29 மீட்டர்தான் வந்தது என்றால் 26 சதவீதம். அதாவது நீங்கள் ஊற்றும் டீசலில் கால்வாசி, சக்கரத்தைச் சும்மா சுற்றவைக்கவே போகிறது.

சறுக்கல் 20 சதவீதத்தைத் தாண்டினாலும் உடனே டயர் கடைக்கு ஓட வேண்டாம். காற்று அதிகமாக அடித்திருக்கிறதா, பின்சக்கரத்தில் எடைக்கட்டி மாட்டியிருக்கிறதா, டியூபில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம்வரை தண்ணீர் ஏற்றினால், ஒரு சக்கரத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் எடை கூடும். இதைச் செய்தே ஒரு பட்டத்தை ஓட்டிவிடலாம். சேற்றுழவுக்கு முழு கேஜ் வீல் மாட்டுபவர்களுக்கு அந்த வேலையில் டயரின் பட்டன் ஒரு பொருட்டே இல்லை.

பாதி பட்டன் என்றால் பாதி ஆயுள் அல்ல

பழைய டயர் வியாபாரத்தில் விவசாயி ஏமாறும் இடம் இதுதான். 13.6-28 புது டயரில் பட்டன் உயரம் சுமார் 33 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். இந்த 33-ம் தேயும்வரை யாரும் உழ முடியாது. 8 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் ஈர மண்ணில் பட்டன் கவ்வாது. ஆக, புது டயரில் நமக்கு உதவுவது 25 மில்லிமீட்டர்தான். 'பாதி பட்டன்' உள்ள டயரில் 16 மில்லிமீட்டர் இருக்கும். அதில் உதவுவது 8. அதாவது மூன்றில் ஒரு பங்கு.

புது டயர் 24,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், அந்தப் பழைய டயருக்கு 8,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நஷ்டம். புதுசுக்குக் கிடைக்கும் வாரண்டி இதற்கு இல்லை. டியூபையும் பெரும்பாலும் புதிதாகவே வாங்க வேண்டும். கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். இதையெல்லாம் கழித்தால் 6,000 ரூபாய்கூட அதிகம் என்பேன். பாதி விலையான 12,000 ரூபாய்க்கு வாங்குபவர், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் புது டயர் வாங்கியவரைவிட ஒன்றரை மடங்கு பணம் கொடுக்கிறார்.

கார் டயரிலும் இதே கணக்குதான். புதுசில் 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால், 1.6 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் குட்டி மேடு போல அந்த அளவைக் காட்டும் குறி இருக்கும். 4 மில்லிமீட்டர் மீதியுள்ள டயரில் பயன்படுவது 2.4 மட்டுமே. அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளத்தில் ஒரு தீக்குச்சியைச் செருகி, நகத்தால் அழுத்திக் குறித்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். நடுவில், இரண்டு ஓரங்களில் என்று மூன்று இடத்தில் அளங்கள்.

பட்டன் முழுசாக இருந்தாலும் டயர் செத்திருக்கலாம்

சிறு விவசாயியின் டிராக்டர் ஆண்டில் பாதி நாள் கொட்டகையில்தான் நிற்கிறது. அதனால் நம் பக்கத்தில் டயர் தேய்ந்து சாவதைவிட வெயிலில் காய்ந்து சாவது அதிகம். ஓடாமல் நின்ற வண்டியிலிருந்து கழற்றிய டயரில் பட்டன் பளிச்சென்று இருக்கும், ரப்பரோ விறைத்துப் போயிருக்கும்.

வயதைக் கண்டுபிடிக்க, டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம், அதாவது ஜூன் மாதம் தயாரித்தது. சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே பொறித்திருக்கும். புரட்டிப் போட்டுப் பாருங்கள். அந்த எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஐந்து ஆண்டு கடந்த கார் டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்பது டயர் கம்பெனிகள் பல சொல்லும் கணக்கு. வெயிலில் கிடந்த டயருக்கு அதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மில் மாட்டியபடியே இருக்கும் டயரை வாங்காதீர்கள். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்பக்கம்தான் உண்மையைச் சொல்லும். உள்ளே கையை விட்டுத் தடவினால் நூல் பிரிந்த இடம், ஒட்டுப்போட்ட இடம், டயர்த் துண்டை வைத்து ஒட்டிய இடம் எல்லாம் தெரியும். பட்டன் பகுதியில் ஆணி குத்திய சிறு ஓட்டை இருந்து, அதைச் சரியாக அடைத்திருந்தால் பரவாயில்லை. பக்கச் சுவரில் ஒட்டு, வீக்கம், நூல் தெரியும் வெட்டு, ரிம்மைக் கவ்வும் விளிம்பில் கிழிசல் ஆகியவற்றில் எது இருந்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பருத்தி, துவரை, கரும்புக் கட்டைகள் மேல் ஓடிய டிராக்டர் டயர்களில் பட்டன்களுக்கு இடையே குத்துக் காயங்கள் இருக்கும். சேற்றைக் கழுவிவிட்டுப் பாருங்கள். கருப்பு பாலிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் சோப்புத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். வெடிப்புகளை மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

இன்னொரு மோசடி, தேய்ந்துபோன கார் டயரிலும் சரக்கு வண்டி டயரிலும் சூடான கத்தியால் பள்ளத்தை மறுபடி ஆழமாக வெட்டிவிடுவது. பார்க்கப் பட்டன் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் அடியில் ரப்பரே இருக்காது. பள்ளத்துக்குள் அந்தக் குட்டி மேட்டுக் குறி எங்கேயும் இல்லை, பள்ளத்தின் ஓரம் கத்தியால் சீவியது போல இருக்கிறது என்றால் அது வெட்டிய டயர். ரீபட்டன் டயர் வேறு, இது வேறு. நல்ல கூட்டின் மேல் முறையாக ஒட்டிய ரீபட்டன், டிரெய்லருக்கும் டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் நன்றாகவே உழைக்கும். அதையும் உங்கள் டயரைக் கொடுத்து, உங்கள் டயரிலேயே போட்டு வாங்குவதுதான் நல்லது. அந்தக் கூடு எப்படி ஓடியது என்பது உங்களுக்குத்தானே தெரியும்.

எந்தச் சக்கரத்துக்குச் சரி, எதற்குக் கூடாது

டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பழைய டயர் வாங்கலாம். வாங்குவதானால், புது டிராக்டர் எடுத்தவுடன் பெரிய டயருக்கு மாற்றிக்கொண்டவர்கள் கழற்றிப்போட்ட ஜோடி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பழைய டயர்களில் அதைப் போன்ற பேரம் வேறில்லை. ஜோடியாகவே வாங்குங்கள். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டிஃபரன்ஷியலுக்கு ஓயாத வேலை. ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட ஒரு துளி வேகமாகச் சுற்றும்படி பற்சக்கரக் கணக்கு போட்டிருப்பார்கள். பின்னால் ஒரு தேய்மானம், முன்னால் ஒரு தேய்மானம் என்று மாட்டினால் அந்தக் கணக்கு கெட்டு, பாரம் முழுவதும் கியர்பாக்ஸ் பக்கம் போகும். அந்தச் செலவில் நான்கு புது டயர் வாங்கிவிடலாம்.

டிராக்டரின் முன்சக்கரத்துக்குப் பழசு வேண்டாம். திருப்புவது அதுதான், அதன் விலையும் பின் டயரைவிட மிகக் குறைவு. மிச்சமாகும் தொகைக்காக ஸ்டியரிங்கை அடகு வைக்க வேண்டியதில்லை.

டிரெய்லரில், நிலத்துக்கும் களத்துக்கும் நடுவே மட்டும் ஓடுவதானால் பழைய டயர் தாராளமாகப் போதும். ஆனால் அதே டிரெய்லரில் கரும்பை ஏற்றி ஆலைக்குப் போவீர்கள், அறுவடை முடிந்து ஆட்களையும் ஏற்றி வருவீர்கள் என்றால் அங்கே கணக்கு மாறுகிறது. ஆட்களை டிரெய்லரில் ஏற்றவே கூடாது என்பது தனிக் கதை. ஏற்றாத ஊர் எது என்பதும் தெரிந்ததுதான்.

இனி சரக்கு வண்டி. சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகும் சிறிய வண்டியில் பழைய கார் டயரை மாட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ரிம் அளவு ஒன்றாக இருப்பதால் உட்கார்ந்துவிடும். ஆனால் அது வேறு டயர். 165 ஆர் 14 என்று எழுதிய எல்டி டயர், 8 பிளை ரேட்டிங்கில், ஒற்றைச் சக்கரமாக மாட்டும்போது 97 என்ற சுமை எண்ணில் வரும். அதன் பொருள் 730 கிலோ. கிட்டத்தட்ட அதே அளவுள்ள கார் டயரின் சுமை எண் 85. அது தாங்குவது 515 கிலோ. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தால் 860 கிலோ வித்தியாசம். எல்டி டயரில் பாரத்துக்கு ஏற்ப 60 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடிப்பார்கள், கார் டயர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. குறைத்து அடித்தால் பக்கச் சுவர் நசுங்கி நசுங்கிச் சூடேறும். மே மாதத் தார்ச்சாலை, முழுப் பாரம், வயதான ரப்பர் மூன்றும் சேர்ந்தால் டயர் வெடிக்கும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. சரக்கு வண்டிக்குப் புது டயர்தான், அதுவும் எல்டி தான். பணம் இல்லை என்றால் முதலில் முன்பக்கம் இரண்டை மட்டும் மாற்றுங்கள். பின்பக்கத்தையும் மாற்றும்வரை பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக ஓட்டுங்கள்.

டயர் மாட்டு வண்டிக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். நடை வேகத்தில் போகும் வண்டிக்குப் பட்டன் தேவையே இல்லை. தேய்ந்த டயர் தார்ச்சாலையில் லேசாக உருளும், மாட்டுக்கும் இழுவை குறையும். பக்கச் சுவர் நன்றாக இருந்து, பாரத்தைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

தீவனத் தொட்டிக்காகப் பழைய கார் டயர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய கார் டயர்கள் பெரும்பாலும் ரேடியல். பட்டனுக்கு அடியில் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. வெட்டிய இடத்திலிருந்து உதிரும் கம்பித் துண்டை மாடு தீவனத்தோடு விழுங்கினால் அது வயிற்றைக் குத்தி இருதயம்வரை போகலாம். வெட்டாமல் வையுங்கள், கம்பி வெளியே தெரிந்ததும் தூக்கிப் போடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கவும் விடாதீர்கள், டெங்கு கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

பேசி முடித்த பிறகு

பணத்தைக் கொடுக்கும் முன், டயரின் பக்கச் சுவரில் உள்ள அளவு, பிளை, தயாரிப்பு வாரம் மூன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டிக் காற்றடித்து ஒரு இரவு நிறுத்தி, காலையில் காற்று இறங்காமலும் வீக்கம் இல்லாமலும் இருந்தால்தான் மீதிப் பணம் என்று பேசுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்கு மறுக்கமாட்டார்.

20 அங்குல டிரெய்லர் சக்கரங்களில் பூட்டு வளையம் வைத்த ரிம் இருந்தால் வீட்டில் நீங்களே மாட்ட வேண்டாம். துருப்பிடித்த வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏறும்போது பறந்துவந்தால் தலையையே எடுத்துவிடும். கடையிலும் சங்கிலி சுற்றிவிட்டுக் காற்றடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் சக்கரத்துக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகள் முதல் நாள் ஓட்டத்தில் தளரும். அன்று மாலை கொட்டகைக்குத் திரும்பியதும் ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.